எழுதப்படாத குறிப்பும் இழக்கப்படும் பணமும்

நாணயமாற்று வணிகக் கருவியைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒப்படைப்போர் சிலர், அதன் விளக்கக் குறிப்பைப் பின்னர் எழுதலாம் என்பர். இது பொறுப்பின்மையன்றி வேறில்லை. ஐயமுற்ற வணிகன் அயலவனை வினவுவான். முகவருக்கோ அக்குறிப்பே கண். டொலருக்குத் தசமதானம் இரண்டு, குவைத் தினாருக்கு மூன்று, யென்னுக்கு ஒன்றுமில்லை. தொகையின் அலகு குறிக்கப்படாவிடின், யென்னை டொலர்போற் கணித்து நூறு மடங்கு தவறிழைக்க இடமுண்டு. மாற்றுவிகிதத்தை அறிதல் வேறு, மாற்றி முடித்தல் வேறு என்பதும் எழுதப்படல் வேண்டும்.

2005இல் டோக்கியோப் பங்குச் சந்தையில், ஒரு பங்கை 610,000 யென்னுக்கு விற்கவேண்டிய மிசுஹோ நிறுவனம், 610,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்கக் கட்டளையிட்டது. கணினி எச்சரித்தும் மனிதர் பொருட்படுத்தவில்லை. எச்சரிக்கையே எழுதப்படாத கருவியில் முகவர் எதனைப் பொருட்படுத்தும்? அந்த நட்டத்தைச் சுமப்போர் குறிப்பெழுத மறந்தோரல்லர், பணத்துக்குரியோரே.