தாயின் தொழில்: தையல்

“படிப்பு ஏறாட்டி தையலைப் பழகு” என்று நம்மூரில் சொல்வார்கள். இந்தப் பேச்சு பிழை என்பதே என் கருத்து.

1993இல் தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டத்தில் நமக்குக் கிடைப்பது துணிதான். அதை அளந்து, வெட்டி, சட்டையாக்குவது ஓட்டமாவடியில் பல வீடுகளில் உம்மாவின் தையல் மெஷின்.

பெரும்போக வெள்ளாமை வெட்டும்வரை வாப்பாவின் கையில் காசிருக்காது. அந்த மாதங்களில் என் டியூஷன் காசு, உம்மா அயலவருக்குத் தைத்த சட்டைகளால் வந்தது.

மருதமுனை நெசவைத் தொழிலென்று மதிக்கிறோம். வீட்டுத் தையலை மட்டும் ஏன் பொழுதுபோக்கு என்கிறோம்?

பாடசாலைப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் இதுவரை ‘இல்லை’ என்றே எழுதினேன். இம்முறை ‘தையல்’ என்று எழுதினேன். தோழியரே, உங்கள் படிவத்தையும் ஒருமுறை பாருங்கள்.