கவுண்டமணியின் ரொடாப்சின்

ராத்திரி ஆலத்தியூரில் கரண்ட் போனால் முதலில் எதுவுமே தெரியாது. அரைமணியில் செம்பு, தீப்பெட்டி, கதவு எல்லாம் தரிசனம் தரும். பி.காம். படித்த நான் விசாரித்ததில், விழித்திரையில் ரொடாப்சின் என்று ஒரு புரதமாம். மங்கல் வெளிச்சத்தைப் பிடிப்பது அதுதான். பளீர் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். இருட்டில் மெல்ல மெல்ல ஊறும். (என் சேவிங்ஸ் அக்கவுன்ட்டும் வெளுக்கிறது, ஊறுவதுதான் இல்லை!)

அந்தப் புரதத்துக்கு முதலீடு வைட்டமின் ஏ. விழித்திரையில் அது இருப்பதை 1933-ல் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வால்ட். 1967-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். முதலீடு குறைந்தால் மாலைக்கண்.

1991-ல் 'சின்னத்தம்பி' படத்தில் கவுண்டமணிக்கு மாலைக்கண் என்றதும் தியேட்டரே குலுங்கியது. நானும் விசிலடித்தேன். ஆனால், வீட்டில் நாலு வயசுப் பையன் பொழுது சாய்ந்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தடவினால், 'விளையாடறான்'னு விட்டுடாதீங்க சார். முற்றினால் கருவிழியே கரைந்துவிடும். போன பார்வை வராது.

முருங்கைக்கீரை, பப்பாளி இரண்டிலும் இதற்கான சரக்கு உண்டு. தவிர, 1970-லிருந்தே அரசுத் திட்டம் இருக்கிறது. இப்போது ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயதுவரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் இலவசமாகத் தருகிறார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், அடுத்த டோஸ் என்றைக்கு?