கிளினிக்கில் எடுத்த போட்டோ எங்கே போகிறது?

முகப்பருவுக்கு சிகிச்சை எடுக்க, பத்தாவது படிக்கும் மகளை ஸ்கின் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார் ஓர் அம்மா. டாக்டர் கேமராவில் நாலு போட்டோ எடுக்கிறார். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அது அவசியம். ஆனால், போட்டோ கம்ப்யூட்டருக்குப் போக மறுக்கிறது. "வைஃபை கனெக்ட் ஆகலை டாக்டர்" என்கிறார் உதவியாளர். உடனே அவருடைய சொந்த போன் வெளியே வருகிறது. கேமரா திரையைப் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். வேலை முடிந்தது. ஆனால், அந்தப் பெண்ணின் முகம் இப்போது யாரோ ஒருவரின் கேலரியில்!

கேமரா ஏன் அடம்பிடிக்கிறது?

வீட்டு வைஃபைக்கு எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மருத்துவமனைகளில் பெரும்பாலும் 'டபிள்யூ.பி.ஏ.2 எண்டர்பிரைஸ்' முறை இருக்கும். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி யூசர்நேம், தனி பாஸ்வேர்டு. ஒருவர் வேலையை விட்டால் அவருடையதை மட்டும் ரத்து செய்யலாம். நல்ல பாதுகாப்புதான். ஆனால், பல கேமராக்களில் பாஸ்வேர்டு போட மட்டுமே இடம் உண்டு. யூசர்நேம் போட வழியில்லை. பல மாடல்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடும் வைஃபை அவற்றின் பட்டியலிலேயே வராது.

இதற்காக வைஃபை பாஸ்வேர்டையே எடுத்துவிடுவதும், 'வெப்' என்ற பழைய முறைக்கு மாறுவதும் ஆபத்து. 'வெப்' பூட்டை உடைக்க முடியும் என்பது 2001-லேயே நிரூபணமாகிவிட்டது.

சரி, என்ன செய்யலாம்?

* கேமராவுக்கென்று தனி வைஃபை பெயர், நீளமான பாஸ்வேர்டு. அதிலிருந்து போட்டோ சேமிக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டுமே வழி. இன்டர்நெட்டுக்கோ மற்ற கம்ப்யூட்டர்களுக்கோ வழி கிடையாது. இதை நெட்வொர்க் பார்ப்பவரிடம் சொன்னால் அமைத்துத் தருவார்.

* அதுவும் முடியாதா? யு.எஸ்.பி. கேபிள் போதும். பழைய வழிதான், ஆனால் காற்றில் எதுவும் போகாது.

* மெமரி கார்டை வெளியே கொடுக்கக் கூடாது. 'டெலிட்' செய்த படத்தையும், அதன்மேல் வேறு படம் பதிவாகும் வரை மீட்டெடுக்க முடியும்.

நோயாளிகள் என்ன கேட்கலாம்?

'இது கிளினிக் கேமராவா, உங்கள் சொந்த போனா?', 'படம் எங்கே சேமிக்கப்படும்?', 'விளம்பரத்துக்குப் போடுவீர்களா?' இந்த மூன்று போதும். 2023-ல் இந்தியாவில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் இடம் தருகிறது.

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். பரு மறைந்துவிடும், வெளியே போன போட்டோ மறையாது.