பேரேடு யார் கையில்?

பாங்குகளே வேண்டாமென்று பிறந்த ஒரு சாதனத்தை உலகத்தின் பெரிய பாங்குகளே சுவீகாரம் எடுத்துக்கொண்டிருக்கும் விந்தையை இன்று காண்கிறோம். 'பிளாக்செயின்' என்னும் தொடர்ப்பேரேட்டையே குறிப்பிடுகிறோம். 2009-ம் வருஷ ஆரம்பத்தில் 'பிட்காயின்' நாணயத்துடன் அது நடைமுறைக்கு வந்தது. அப்பேரேடு ஒரே முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடப்பதன்று. பிரதிகள் பலரிடத்தும் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் முந்திய பக்கத்தின் கணித முத்திரையைத் தாங்கி நிற்கும். ஒரு பக்கத்தைத் திருத்தினால் பின்வரும் பக்கங்கள் பொருந்தாமற்போய்ப் புரட்டு வெளிப்பட்டுவிடும்.

2015-ம் வருஷம் செப்டம்பரில் ஒன்பது பெரிய பாங்குகள் 'ஆர்3' என்னும் கூட்டில் சேர்ந்தன. வருஷம் முடியுமுன் அங்கத்தினர் தொகை 40-ஐத் தாண்டியது. 2017-ல் அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் சேஸ் பாங்கின் தலைவர் ஜேமி டைமன், பிட்காயின் ஒரு மோசடி என்று கண்டித்தார். அதே பாங்கு 2019-ல், இந்த யுக்தியைக் கொண்டே, தன் பெரிய வாடிக்கைக்காரர்களுக்கென்று டாலருக்கு ஈடான நாணயம் ஒன்றைப் பிரகடனம் செய்தது. இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. பிட்காயின் பேரேட்டில் எவரும் பங்கு கொள்ளலாம். பாங்கின் பேரேட்டிலோ பாங்கு அனுமதித்தவரே பங்கு கொள்ளலாம். பூட்டை மாற்றினார்களே யொழியச் சாவியை விட்டுக்கொடுக்கவில்லை.

இதனால் நன்மையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஒரே பில்லை இரண்டு பாங்குகளில் காட்டிக் கடன் வாங்கும் வித்தை, பொதுப் பேரேட்டின் முன் பலிப்பது கஷ்டம். ஆயினும், புதுமை மோகத்தின் விலையும் அற்பமன்று. ஆஸ்திரேலியப் பங்கு மார்க்கெட் ஸ்தாபனம் 2017-ல் இவ்வழியை மேற்கொண்டு, 2022 நவம்பரில் கைவிட்டது. சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டது. ஐரோப்பிய பாங்குகள் வியாபாரத்துக்காகத் தொடங்கிய 'வீ.டிரேட்' கம்பெனியும் அதே வருஷம் மூடப்பட்டது.

நமது தேசத்திலும் 2021-ல், ஸ்டேட் பாங்கு, இந்தியன் பாங்கு உள்ளிட்ட 15 பாங்குகள் இதற்கென ஒரு கம்பெனியை ஸ்தாபித்தன. ஆகவே, இது பிற நாட்டார் விவகாரமென்று நாம் வாளாவிருப்பதற்கில்லை. பேரேட்டில் தவறு நேர்ந்தால் திருத்தும் அதிகாரம் யாருக்கு? நஷ்டத்துக்கு ஜவாப்தாரி யார்? சிறிய கூட்டுறவு பாங்குக்கு அதில் இடமுண்டா, அல்லது பெரியவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்து வாயிலில் நிற்க வேண்டியதுதானா? இக்கேள்விகளுக்குக் கணித முத்திரை விடையளிக்காது. சட்டமே விடையளிக்க வேண்டும்.

பாங்குகள் கூடி எழுதும் எந்தப் பேரேட்டிலும் ரிஸர்வ் பாங்கின் கையில் ஒரு முழுப் பிரதி இருக்க வேண்டும். அங்கத்தினராவதற்கான நிபந்தனைகள் பகிரங்கமாக வேண்டும். பரீட்சைகளுக்குச் செலவிட்ட தொகை வருஷாந்தரக் கணக்கில் தனியே காட்டப்பட வேண்டும். பணம் ஜனங்களுடையது, அதைப் பற்றிய பேரேடு சிலருக்கு மட்டுமே திறக்குமாயின், அது எத்துணை நவீனமாயினும் பழைய இரும்புப் பெட்டியே யாகும்.