லுபான் வாசனை

சித்தப்பா மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் ஒரு சிறு பொட்டலம் லுபான் கொண்டுவருவார். வெளிர்மஞ்சள் பிசின் துளிகள். தணலில் இரண்டு போட்டால் வீடே மணக்கும். தமிழ் பைபிளில் தூபவர்க்கம் என்று வருவது இதைத்தான். ஓமன் எனக்கு அந்தப் புகையாகத்தான் அறிமுகம்.

அரபு நாடு என்றதும் மணலும் எண்ணெயும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஓமனின் வடக்கே ஜபல் ஷம்ஸ் மலை சுமார் 3,000 மீட்டர் உயரம். அந்த மலையடிவார ஊர்களை வாழவைப்பது ஃபலஜ் என்னும் வாய்க்கால். நிலத்தடி நீரைச் சுரங்கம் வெட்டி, சரிவிலேயே ஓடவிட்டு ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். முதலில் குடிநீர், பிறகு பள்ளிவாசல், குளியல், அப்புறம்தான் பேரீச்சந்தோப்பு. தண்ணீரை நேரக் கணக்கில் பங்கிடுவார்கள். பகலில் நிழலை அளந்தார்கள். இரவில் நட்சத்திரம் எழுவதைப் பார்த்து மடை மாற்றினார்கள். ஓமனில் எனக்குப் பெரிய அதிசயம் இதுதான். ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

1507இல் மஸ்கட்டைப் பிடித்த போர்ச்சுக்கீசியரை 1650இல் ஓமானியர் விரட்டினார்கள். பின்னர் ஆப்பிரிக்கக் கரைவரை அவர்கள் ஆட்சி நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுல்தான் சயீத் தன் அரசவையையே அந்தக் கரையோரத் தீவான சான்சிபாருக்கு மாற்றிக்கொண்டார். மஸ்கட்டில் இன்றும் அந்தக் கரையின் சுவாஹிலி மொழி பேசும் குடும்பங்கள் உண்டு.

தெற்கே தோஃபார். நமக்குக் குற்றாலச் சாரலைத் தரும் தென்மேற்குப் பருவக்காற்று அங்குள்ள சலாலா மலைகளையும் தொடுகிறது. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை தூறலும் மூட்டமுமாக எங்கும் பச்சை. அந்தப் பருவத்துக்கு ‘கரீஃப்’ என்று பெயர். லுபான் மரத்துக்கோ மலைக்கு அப்பாலுள்ள வறண்ட பக்கம்தான் பிடிக்கும். பட்டையைச் சீவினால் பால் கசிந்து இறுகும். முதல் சீவலில் கிடைப்பது மட்டம். திரும்பத் திரும்பச் சீவிக் காத்திருந்தால்தான் நல்ல சரக்கு.

அந்தச் சரக்கு கப்பலேறிய பழந்துறை சும்ஹுரம். அங்கே அகழ்ந்தபோது, தமிழ் பிராமியில் ‘கீரன்’ என்ற பெயர் கீறிய பானை ஓடு ஒன்று கிடைத்தது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். சங்கப் புலவர்கள் பலருக்கும் உள்ள பெயர். அந்தக் கீரன் அங்கே போயிருந்தால், வடகிழக்குக் காற்றில் போயிருப்பார். ஊர் திரும்பத் தென்மேற்குக் காற்று வரும்வரை, மாதக்கணக்கில் அந்தக் கரையில் காத்திருந்திருப்பார்.