பேரழிவு நாவல்கள் யாரைக் கைகாட்டின?

முதல் உலகப் போருக்கு முன்பே ஆங்கில நாவலாசிரியர்கள் உலகைப் பலமுறை அழித்துப் பார்த்துவிட்டார்கள். எம்.பி. ஷீலின் 'தி பர்ப்பிள் கிளவுட்' (1901) நாவலில் ஒரு நச்சு மேகம் மனித குலத்தையே வாரிக்கொண்டு போகிறது. கோனன் டாயிலின் 'தி பாய்சன் பெல்ட்' (1913) நாவலில் பூமி விண்வெளியின் நச்சு மண்டலத்துக்குள் புகுகிறது. இவற்றைப் பரபரப்புச் சரக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால், பேரழிவு நாவலை எடைபோட அதில் விழும் பிணங்களை எண்ணிப் பயனில்லை. அழிவுக்கு யாரை அது பொறுப்பாக்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் எச்.ஜி. வெல்ஸின் 'தி வார் இன் தி ஏர்' (1908) உயர்ந்து நிற்கிறது. ஜெர்மானிய ஆகாயக் கப்பல்கள் நியூயார்க் மீது குண்டு வீசுகின்றன. போர் உலகெங்கும் பரவுகிறது. ஊரை எரிக்க முடிந்த கப்பல்களால் ஊரைப் பிடித்து ஆள முடியவில்லை. பணப் புழக்கம் முடங்க, பஞ்சமும் கொள்ளைநோயும் வருகின்றன. முப்பது ஆண்டுகள் கழித்து, லண்டனை ஒட்டிய இடிபாடுகளுக்கு நடுவே ஒரு முதியவரும் சிறுவனும் காணாமல்போன கோழியைத் தேடி நடக்கிறார்கள். ஏன் போரை நிறுத்தவில்லை என்று கேட்கும் சிறுவனுக்குத் தெளிவான விடை சொல்ல அவரால் முடியவில்லை.

இத்தகைய எழுத்தே போர்வெறிக்குத் தீனி போட்டது என்பார்கள். அதில் உண்மை உண்டு. வில்லியம் லெ க்யூ 1906இல் 'டெய்லி மெயில்' நாளிதழில் எழுதிய 'தி இன்வேஷன் ஆஃப் 1910' தொடரில், பத்திரிகை நன்றாக விற்கும் ஊர்கள் வழியாகப் படையெடுப்பு நடக்கும்படி கதை மாற்றப்பட்டது. அங்கே அச்சம் அயலானை மட்டுமே சுட்டியது. ஆசியர்களைப் பூச்சாண்டியாக்கும் அக்கால இனவெறி வெல்ஸிடமும் படிந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் பழியை ஒரே நாட்டின் தலையில் கட்டவில்லை. அறிவியலின் வேகத்துக்கு ஈடுகொடுக்காத அரசியலை, அதற்குக் கைதட்டிய சாதாரண மக்களையும் சேர்த்து, கூண்டில் ஏற்றினார்.

எச்சரித்து என்ன பயன், போர் வரத்தானே செய்தது என்று கேட்கலாம். 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' (1914) நாவலில் வெல்ஸ் அணுகுண்டைக் கற்பனை செய்தார். அதை 1932இல் படித்தவர் இயற்பியலாளர் லியோ சிலார்ட். மறு ஆண்டே அணுக்கருத் தொடர்வினை பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது. அதன் விபரீதம் புரிந்ததால், அந்த எண்ணத்துக்கான காப்புரிமை ரகசியமாக இருக்கட்டும் என்று 1936இல் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்தார். நாஜிகள் முந்திவிடுவார்களோ என்ற பயத்தில் அணுகுண்டுத் திட்டத்தைத் தூண்டியவரும் அவர்தான். 1945 ஜூலையில், அந்தக் குண்டை ஜப்பான்மீது வீசுவதற்கு எதிராக விஞ்ஞானிகளிடம் கையெழுத்துத் திரட்டியவரும் அவர்தான். ஹிரோஷிமாவை அந்த மனுவாலும் தடுக்க முடியவில்லை. எச்சரிக்கை செய்வதே எழுத்தாளரின் வேலை. அதன்படி நடப்பது அரசுகளின் கடமை. அரசுகள் தவறியதற்கு நாவலைக் குறைசொல்வது நியாயமல்ல. இன்றும் பேரழிவுக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அயலானைக் காட்டி நம் பொறுப்பை மறக்கடிக்கும் கதைகளை வாசகர்கள் நிராகரிக்க வேண்டும்.