நாற்பதுக்கு மேல் பெயரில்லை

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் வகுத்த ஏழு பருவங்களும் 40 வயதோடு முடிந்துவிடுகின்றன. உலா வரும் தலைவனைப் பார்த்து மயங்க அதற்கு மேற்பட்டவள் தேவையில்லை என்று புலவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்த வயதைத் தாண்டிய எங்களுக்குப் பெயரே இல்லை.

பெயரில்லாத அந்த இடத்தில்தான் இன்று பெப்டைடு சீரம் விற்கிறார்கள்.

பெப்டைடு பொய்யல்ல. அது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி. 1973இல் லோரன் பிக்கார்ட் மனித இரத்தத்திலிருந்து பிரித்த ஜிஎச்கே மூன்றே கண்ணிகள் கொண்டது. பால்மிடோயில் டெட்ராபெப்டைடு-7, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6ஐக் குறைக்கும் என்கிறார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்லில் அது குறைவது வேறு. என் முகத்தின் மேல்தோலைக் கடந்து உள்ளே போய் வேலை செய்வது வேறு.

தமிழ் ஆசிரியையாக லேபிளை வாசிக்கிறேன். 'சுருக்கம் மறையும்' என்று எழுதமாட்டார்கள். 'சுருக்கங்களின் தோற்றம் குறையும்' என்பார்கள். நம் 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் அழகுசாதனம் தோற்றத்தை மாற்றுவது, மருந்து நோயைத் தீர்ப்பது. ஆகவே 'தோற்றம்' என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மருந்துக்குக் கேட்கப்படும் நிரூபணத்தைத் தராமலே மருந்தின் மொழியைப் பேசுகிறார்கள்.

எனக்கு வேதியியலோடு சண்டையில்லை. வயதுக்கு 'அழற்சி' என்று பெயரிட்டு, அதை நோயாக்கி, பெண்ணிடம் பணம் பறிப்பதோடுதான் சண்டை. நரைத்த ஆண் பேராசிரியர் அனுபவசாலி. நரைத்த பேராசிரியை 'கொஞ்சம் கவனிச்சுக்கக் கூடாதா?' சூசன் சொன்டாக் 1972இலேயே இந்த இரட்டை அளவுகோலைப் பற்றி எழுதிவிட்டார்.

மாணவிகளே, சீரம் பிடித்திருந்தால் வாங்குங்கள். பயந்துபோய் வாங்காதீர்கள். நாற்பதுக்குப் பிந்தைய பருவத்துக்குப் பெயர் வேண்டுமென்றால் நாங்களே வைத்துக்கொள்கிறோம்.